இளவரசிக்கு ஒரு நாள் லீவு

கறுப்பு-வெள்ளைப் படம். வில்லன் கிடையாது. கனவுப் பாட்டு கிடையாது. கடைசியில் கதாநாயகனுக்கும் கதாநாயகிக்கும் கல்யாணம்கூட நடப்பதில்லை. 1953-ல் வந்த இந்த 'ரோமன் ஹாலிடே' என்ற ஹாலிவுட் படத்தை எழுபது வருஷத்துக்குப் பிறகும் ஜனங்கள் தேடிப் பிடித்துப் பார்க்கிறார்கள் என்றால், அதில் ஏதோ விஷயம் இருக்கத்தானே வேண்டும்?

நான் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள். இங்கிலீஷ் படம் என்றால் கீழே ஓடுகிற எழுத்தை விரல் வைக்காத குறையாகப் படித்துக்கொண்டுதான் பார்ப்பேன். ஆனால் இந்தப் படத்துக்குப் பாதி இடங்களில் அதுகூட வேண்டியிருக்கவில்லை. சினிமா தெரிந்தவர்கள் இதன் நடிப்பு, டைரக்‌ஷன் பற்றியெல்லாம் நிறையச் சொல்வார்கள். குடும்பப் பெண்ணான எனக்கு இது பிடித்துப்போனதற்கு வேறு காரணம் இருக்கிறது. அதைத்தான் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தேன்.

கவுனுக்குள் ஒரு கால்

கதை இதுதான். ஆன் என்று ஒரு சின்ன வயது இளவரசி. எந்த தேசத்து இளவரசி என்று படத்தில் கடைசிவரை சொல்வதே இல்லை. லண்டன், ஆம்ஸ்டர்டாம், பாரிஸ் என்று ஊர் ஊராக அரசாங்கப் பிரயாணம் செய்து, களைத்துப்போய் ரோமாபுரிக்கு வந்து சேர்கிறாள். ஆட்ரி ஹெப்பர்ன் என்ற நடிகை. அப்போது அவருக்கு 23 வயது. கண்ணாலேயே பேசுவார்.

வந்த அன்று ராத்திரி பெரிய விருந்து. பிரமுகர்கள் வரிசையாக வந்து வணங்குகிறார்கள். நம் தேசத்து மகாராஜா ஒருவரும் அந்த வரிசையில் வருகிறார். ஒவ்வொருவருக்கும் சிரித்து, தலையசைத்து, இரண்டு நல்ல வார்த்தை சொல்லி... நின்று நின்று இளவரசிக்குக் கால் கடுக்கிறது. தரை புரளும் கவுனுக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு செருப்பைக் கழற்றி, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொள்கிறாள். செருப்பு சாய்ந்து எட்டாத தூரத்துக்குப் போய்விடுகிறது. முகத்தில் சிரிப்பு மாறாமல், உள்ளே கால் மட்டும் துழாவுகிறது.

கல்யாண வரவேற்பில் பட்டுப் புடவையும் மாலையுமாக மூன்று மணி நேரம் மேடையில் நின்ற எந்தப் பெண்ணுக்கு இது புரியாது சொல்லுங்கள்! மேலே சிரிப்பு, கீழே வலி. படம் ஆரம்பித்த சில நிமிஷங்களிலேயே அவள் நம்ம வீட்டுப் பெண்ணாகிவிடுகிறாள்.

விருந்து முடிந்து படுக்கைக்கு வந்தால், கூடவே இருக்கிற சீமாட்டி அம்மாள் ஒரு டம்ளர் பாலையும் பிஸ்கட்டையும் கையில் கொடுத்துவிட்டு, மறுநாள் அட்டவணையைப் படிக்க ஆரம்பிக்கிறாள். காலை இத்தனை மணிக்கு இன்னாரோடு பலகாரம், இத்தனை மணிக்கு மோட்டார் தொழிற்சாலை, அங்கே ஒரு கார் பரிசு கொடுப்பார்கள், அதை வாங்கிக்கொள்ளக் கூடாது, பிறகு அநாதைக் குழந்தைகள், பிறகு ஒரு பேச்சு... இளவரசி ஒவ்வொன்றுக்கும் கிளிப்பிள்ளை மாதிரி பதில் சொல்லிக்கொண்டே வருகிறாள். திடீரென்று தாங்க முடியாமல், "போதும், நிறுத்துங்கள்" என்கிற மாதிரி கத்தி அழுகிறாள். உடனே டாக்டரைக் கூப்பிட்டுத் தூக்கத்துக்கு ஊசி போடுகிறார்கள். அழுதால் ஏன் என்று கேட்க ஆளில்லை. ஊசி போட மட்டும் ஆள் இருக்கிறது.

அந்த அட்டவணை எனக்குத் தெரியும்

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் படுத்த படுக்கையாக இருந்தார். தங்கமான மனுஷர். எனக்கு அவர்மேல் ஒரு மனக்குறையும் கிடையாது. ஆனால் படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். எட்டு மணிக்குக் கஞ்சி, ஒன்பது மணிக்கு மாத்திரை, பத்து மணிக்கு உடம்பு துடைப்பது, பதினொன்றுக்குத் துணி அலசுவது என்று என் மூளைக்குள்ளேயே ஒரு சீமாட்டி உட்கார்ந்து அட்டவணை படித்துக்கொண்டிருப்பாள். பெண்ணுக்குப் பரீட்சை, மாமியாருக்குச் சர்க்கரை, அவருக்கு மில் வேலையில் ஷிப்ட். இதற்கு நடுவில் 'நான்' என்று ஒருத்தி இருக்கிறேனா என்பதே மறந்துபோய்விட்டது.

ராத்திரி விழித்திருக்க வேண்டுமே என்று, பெண்ணின் போனை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு படம் பார்ப்பேன். அப்படித்தான் 'ரோமன் ஹாலிடே' பார்த்தேன். நடுவில் மூன்று தரம் நிறுத்திவிட்டு மாமாவைப் புரட்டிப் போட்டு வந்திருக்கிறேன். அந்தப் பெண் அட்டவணையைக் கேட்டுக் கத்தினாள் பாருங்கள், நானும் சத்தம் வராமல் அழுதேன். காதல் படத்தில் காதல் வருவதற்கு முன்பே அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்!

தட்டைச் செருப்பும் ஐஸ்கிரீமும்

ஊசி வேலை செய்வதற்குள் இளவரசி ஜன்னல் வழியாக இறங்கி, சாமான் வண்டி ஒன்றில் ஒளிந்துகொண்டு ஊருக்குள் போய்விடுகிறாள். அப்புறம் மருந்து மயக்கத்தில் தெருவோரச் சுவரில் படுத்துத் தூங்குகிறாள். ஜோ பிராட்லி என்ற அமெரிக்கப் பத்திரிகை நிருபர், யாரோ குடித்துவிட்டுக் கிடக்கிற பெண் என்று நினைத்து, விட்டுவிட்டுப் போகவும் மனசு வராமல், தன் அறைக்குக் கூட்டிப்போகிறார். கிரிகரி பெக் என்ற நடிகர். உயரமாக, கௌரவமாக இருப்பார். அந்த ராத்திரி அந்தப் பெண்ணிடம் ஒரு தப்பான பார்வை கிடையாது. வயசுக்கு வந்த பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூச்சமில்லாமல் பார்க்கலாம்.

மறுநாள் காலையில்தான் அவள் யார் என்று அவருக்குத் தெரிகிறது. இளவரசியைப் பற்றிப் படத்தோடு ஒரு கட்டுரை கொடுத்தால் 5,000 டாலர் தருவதாக ஆசிரியர் ஒப்புக்கொள்கிறார். ஜோவுக்கோ அறை வாடகை பாக்கி. சொந்த ஊருக்குத் திரும்ப வேண்டுமென்று ஆசை. எனவே தான் நிருபர் என்பதை மறைக்கிறார். அவளும் தான் இளவரசி என்பதை மறைக்கிறாள். இரண்டு பேரும் பொய் சொல்லிக்கொண்டு ஊர் சுற்றுவதுதான் படத்தின் தமாஷ்.

அவரிடம் கடன் வாங்கிய 1,000 லிராவில் அவள் முதலில் வாங்குவது என்ன தெரியுமா? ஒரு ஜோடி தட்டைச் செருப்பு! ராத்திரி பட்ட பாடு அவளுக்கு மறக்கவில்லை. அடுத்தது முடி வெட்டிக்கொள்கிறாள். பிறகு 'ஸ்பானிஷ் படிகள்' என்று பேர் பெற்ற அந்த 135 படிகளில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறாள். அவ்வளவுதான் அவளுடைய ஆசைகள். சட்டைக் கையை மடித்துவிட்டு, கழுத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, அதே பாவாடை சட்டையில் நாள் முழுக்கச் சுற்றுகிறாள். இந்தப் படத்தின் உடைகளுக்காக ஈடித் ஹெட் என்ற பெண்மணிக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

(இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அந்தப் படிகளில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட உலகமெல்லாமிருந்து ஆட்கள் போனார்கள். இப்போது முடியாது. 2019-லிருந்து அங்கே உட்காரத் தடை, மீறினால் அபராதம்!)

ஸ்கூட்டர் சவாரி, போலீஸ் ஸ்டேஷன், ஆற்றங்கரையில் நடனம் என்று படம் ஓடுவது தெரியாது. ஒரு பழைய சர்ச்சின் வாசலில் 'சத்திய வாய்' என்று ஒரு கல் முகம் இருக்கிறது. பொய் சொன்னவர் அதன் வாயில் கையை விட்டால் கடித்துவிடும் என்று ஐதீகம். இளவரசி கையை நீட்டிவிட்டுப் பயந்து இழுத்துக்கொள்கிறாள். ஜோ கையை விட்டு, வெளியே எடுக்கும்போது கையே இல்லை! அவள் அலறுகிறாள். சட்டைக் கைக்குள் கையை மடக்கி வைத்து ஏமாற்றியிருக்கிறார். கிரிகரி பெக் இப்படிச் செய்யப்போகிறார் என்று ஆட்ரியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லையாம். அந்த அலறல் நிஜ அலறல். அதனால்தான் இன்றைக்குப் பார்த்தாலும் நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

சமையலறை இல்லாத வீடு

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். அவளைத் தேடி வந்த அரண்மனைக் காவலர்களிடமிருந்து தப்பிக்க இருவரும் ஆற்றில் குதித்து, நனைந்துபோய் ஜோவின் அறைக்கு வருகிறார்கள். ஏதாவது சமைத்துத் தரட்டுமா என்று கேட்கிறாள். இங்கே சமையலறையே இல்லை என்கிறார். தனக்குச் சமைக்க, தைக்க, துணி இஸ்திரி போட எல்லாம் தெரியும், ஆனால் யாருக்கும் செய்து போடத்தான் வாய்ப்பு வரவில்லை என்கிறாள் அவள். அப்படியானால் சமையலறை உள்ள வீடாகப் பார்த்துக் குடிபோக வேண்டியதுதான் என்கிறார் அவர். பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்று இந்தப் படத்தில் ஒருவரும் சொல்வதில்லை. இந்தச் சமையலறைப் பேச்சுதான் அவர்களுடைய காதல் வசனம். எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. நமக்குப் போதும் போதும் என்றிருக்கிற அடுப்பங்கரை, அவளுக்குக் கிடைக்காத பாக்கியம். நமக்குக் கிடைக்காத ஊர் சுற்றலோ, அவளுக்கும் அந்த ஒரே ஒரு நாள்தான்.

இளவரசிக்கு உடம்பு சரியில்லை என்று அரண்மனையில் பொய்யாக அறிவித்திருக்கிறார்கள். அவள் தேசத்து ஜனங்கள் கவலைப்படுகிறார்கள் என்று ரேடியோவில் சொல்கிறது. அதைக் கேட்ட பிறகு அவள் அங்கே இருக்கவில்லை. ஜோ காரில் கொண்டுவந்து விடுகிறார். மூலை திரும்பிய பிறகு பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிறாள்.

பால் வேண்டாம்

பின்னொரு நாள் என் பெண்ணும் மாமியாரும் கூட உட்கார இந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். அவ்வளவுதான், வீட்டில் பட்டிமன்றமே நடந்தது.

"ஏம்மா திரும்பிப் போறா? இவ்வளவு கஷ்டப்பட்டு வெளியே வந்துட்டு, மறுபடி போய் அந்த ஜெயில்ல உட்காருவாளா? மக்கு!" என்றாள் என் பெண்.

"ராஜா வீட்டுப் பொண்ணு. போகாம இருந்தா நல்லாவா இருக்கும்? நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்றார் மாமியார்.

எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகப் படவில்லை. ஏனென்றால் திரும்பிப் போன பிறகு நடப்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அரண்மனையில் பெரியவர்கள் அவளுக்குக் கடமையைப் பற்றி உபதேசம் செய்ய ஆரம்பிக்கிறார்கள். இளவரசி அமைதியாக, கடமை தெரியாதவளாக இருந்திருந்தால் நான் வந்தே இருக்க மாட்டேன் என்கிற அர்த்தத்தில் பதில் சொல்கிறாள். எல்லோருக்கும் வாயடைத்துப்போகிறது. வழக்கம்போல அந்த அம்மாள் பாலும் பிஸ்கட்டும் கொண்டுவருகிறாள். வேண்டாம், நீங்கள் போகலாம் என்று இளவரசி அனுப்பிவிடுகிறாள்.

அந்தப் பால்தான் எனக்கு முக்கியம். முந்தின ராத்திரி சின்னக் குழந்தைக்குக் கொடுப்பதுபோல் கொடுத்தார்கள், அவளும் குடித்தாள். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல அவளுக்குக் குரல் வந்துவிட்டது. அழவில்லை, கத்தவில்லை. ஊசிக்கும் அவசியமில்லை. அதே அரண்மனை, அதே வேலை. ஆனால் திரும்பி வந்தவள் வேறு ஆள். யாரும் பிடித்து இழுத்து வரவில்லை, தானாகவே வந்தாள். தானாக வந்தவளை அதன்பிறகு யாரும் சின்னக் குழந்தையாக நடத்த முடியாது. இதைச் சொன்னபோது என் பெண் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியும் இருக்கலாம்" என்றாள். பத்தொன்பது வயசில் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது!

மாமாவின் காலத்துக்குத் திரும்பி வருகிறேன். படம் பார்த்த சில வாரம் கழித்து, புதுக்கோட்டையிலிருந்து நாத்தனார் வந்திருந்தாள். "நாளைக்கு ஒரு நாள் அப்பாவை நீ பார்த்துக்கறியா? சாயங்காலம் வந்துடறேன்" என்று கேட்டேன். எங்கே, எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நல்லவள். தஞ்சாவூரில் பஸ் ஏறித் திருச்சிக்குப் போனேன். மலைக்கோட்டைப் படியெல்லாம் ஏறி உச்சிப் பிள்ளையாரைப் பார்த்தேன். கீழே இறங்கித் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கடையில் ஐஸ்கிரீம் வாங்கித் தனியாக நின்று சாப்பிட்டேன். காவேரி தெரிந்தது, காற்று அடித்தது. விசேஷமாக வேறொன்றும் நடக்கவில்லை. ஸ்கூட்டரில் ஏற்றிப்போக கிரிகரி பெக்கும் வரவில்லை!

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து மாமாவுக்குக் கஞ்சி புகட்டினேன். ராத்திரி என் வீட்டுக்காரரிடம், "இனிமேல் மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் லீவு" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "எப்படிப் புரட்டணும்னு காட்டிக் கொடு" என்றார். மாமா காலமாகிற வரையில் அந்த ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. மகனுடைய கையால் குளித்ததில் மாமாவுக்கும் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை அவர் கண்ணிலேயே பார்த்தேன்.

படத்துக்குப் பின்னால் சில மனிதர்கள்

விட்டுக்கொடுத்தது இளவரசி மட்டுமில்லை. ஜோ அந்தக் கட்டுரையை எழுதவே இல்லை. 5,000 டாலர் போனதோடு, ஆசிரியரோடு கட்டிய பந்தயத்தில் 500 டாலர் கடனும் சேர்ந்துகொள்கிறது. திருட்டுத்தனமாக எடுத்த புகைப்படங்களையெல்லாம், மறுநாள் நிருபர்கள் சந்திப்பில், ரோமாபுரி ஞாபகார்த்தம் என்று ஒரு கவரில் போட்டு இளவரசி கையிலேயே கொடுத்துவிடுகிறார் கூட வந்த போட்டோகிராபர். ஜோ யாரென்று அங்கேதான் அவளுக்குத் தெரிகிறது. எந்த ஊர் மிகவும் பிடித்தது என்று கேட்கிறார்கள். எல்லா ஊரும் என்று சொல்லிக் கொடுத்த பதிலைச் சொல்ல ஆரம்பித்தவள், நிறுத்திவிட்டு, ரோமாபுரிதான் என்கிறாள். எல்லோரும் போன பிறகு அந்தப் பெரிய மண்டபத்தில் ஜோ தனியாக நடந்து வருகிறார். அவள் ஓடிவருவாள் என்று ஒவ்வொரு தரமும் நினைக்கிறேன். ஒவ்வொரு தரமும் வருவதில்லை.

திரைக்குப் பின்னாலும் இப்படிச் சில நல்ல விஷயங்கள் உண்டு. ஆட்ரிக்கு ஹாலிவுட்டில் முதல் பெரிய வேடம் இது. விளம்பரங்களில் அவர் பேரைத் தன் பேருக்குச் சமமாகப் போட வேண்டும் என்று சொன்னவர், அப்போதே பெரிய நட்சத்திரமான கிரிகரி பெக். சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசு ஆட்ரிக்கே கிடைத்தது. அரண்மனைப் பெண்ணாக நடித்த ஆட்ரி, இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஹாலந்தில் பட்டினி கிடந்து வளர்ந்தவர். அந்தப் பசியை அவர் மறக்கவில்லை. பிற்காலத்தில் யூனிசெப் அமைப்புக்காக 1988-ல் எத்தியோப்பியாவில் பஞ்சத்தில் வாடிய குழந்தைகளைப் போய்ப் பார்த்தார். 1993-ல் காலமாகிற வரையில் அந்த வேலையை விடவில்லை.

கதை எழுதியவர் கதை இன்னும் உருக்கம். டால்டன் ட்ரம்போ என்பது அவர் பேர். அரசியல் காரணத்தால் சிறைக்குப் போய், ஹாலிவுட்டில் தடை செய்யப்பட்டவர். அதனால் படத்தில் நண்பர் ஒருவரின் பேரைப் போட்டார்கள். கதைக்கான ஆஸ்காரும் அந்த நண்பர் பேரிலேயே போயிற்று. ட்ரம்போ 1976-ல் இறந்துபோனார். 1993-ல்தான் அந்தப் பரிசை அவர் பேருக்கு மாற்றி, அவர் மனைவியிடம் கொடுத்தார்கள். உழைப்பு ஒருவருடையது, பேர் இன்னொருவருக்கு என்றால் எப்படி இருக்கும் என்று குடும்பத் தலைவிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்திலும் இதன் சாயலில் 1994-ல் 'மே மாதம்' என்ற படம் வந்தது, பாட்டுக்களெல்லாம் பிரசித்தம். ஆனாலும் மூலத்தை ஒரு தரம் பார்த்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முடிந்தால் வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்தப் பால் டம்ளர் வருகிற இடத்தில் அவரை எழுந்து போக விடாதீர்கள். உங்களுடைய ஒரு நாள் எது, எந்த ஞாயிற்றுக்கிழமை என்று படம் முடிந்த கையோடு பேசி முடித்துவிடுங்கள். மறுநாள் காலையில் கேட்டால், எல்லோருக்கும் ஆபீசுக்கு நேரமாகிவிடும்!